ஊர் உதைபந்தாட்ட மைதானத்தின் வரலாறு எழுத: முதலில் காணி, பிறகு கோல்

கழகத்துக்குப் பொன்விழா வருகிறது, மலர் வெளியிட வேணும், மைதானத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேணும் என்று யாரோ உங்களைப் பிடித்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மைதான வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. விழாவுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, கொஞ்சம் தமிழ் எழுதக்கூடிய ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவரும் "தொன்றுதொட்டு எமது மண்ணிலே" என்று தொடங்கி, வென்ற கிண்ணங்களை அடுக்கி, "வீரர்களின் வியர்வை சிந்திய மண்" என்று முடித்துவிடுவார். வாசித்து முடித்த பிறகும் அந்த நிலம் யாருடையதாக இருந்தது, எப்போது மைதானமானது, இடையில் எத்தனை வருஷம் அங்கே பந்து உருளவில்லை என்று ஒன்றும் தெரிந்திருக்காது.

நான் நில அளவையாளர் ஒருவரிடம் படவரைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். வலிகாமத்தில் ஓர் ஊர்க் கழகத்தின் செயலாளராகவும் கனகாலம் இருந்தேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர் மேற்கு எல்லையைப் பற்றித் திரும்பவும் தொடங்குவினம். எங்கள் மைதானத்தின் கதையை எழுதப் போய்ப் பழகிக்கொண்ட வழிமுறையைத்தான் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

என் முறை ஒன்றுதான்: ஆட்டக்காரரிடம் தொடங்காதீர்கள், காணியில் தொடங்குங்கள். ஆட்டக்காரருக்குக் கோல் ஞாபகம் இருக்கும், வருஷம் ஞாபகம் இராது. காணியோ கைமாறும் ஒவ்வொரு தடவையும் கடதாசி விட்டுப் போகும். கடதாசியில் திகதி இருக்கும். அந்தத் திகதிகளைக் கம்பம் மாதிரி நட்டுவிட்டால், மற்றவர்களுடைய ஞாபகங்களை அவற்றுக்கிடையில் கட்டலாம்.

காணி

யாழ்ப்பாணத்து மைதானங்கள் எல்லாம் ஒரே மாதிரி வந்தவை அல்ல. பாடசாலைக் காணியில் இருக்கும் மைதானம் ஒரு வகை. இங்கே உதைபந்தை முதலில் பரப்பியவை மிசன் பள்ளிக்கூடங்கள்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி 1816, சென். ஜோன்ஸ் 1823, சென். பற்றிக்ஸ் 1850 என்று அவற்றின் வயதே அந்தக் கதையைச் சொல்லும். கடலோர ஊர்களில் மைதானம் பெரும்பாலும் பங்குக் கோயிலை அண்டியிருக்கும். நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ் என்று கழகங்களின் பெயர்களே புனிதர்களின் பெயர்களாக இருப்பதைப் பாருங்கள். இன்னொரு வகை, கோயில் காணி. இன்னொன்று அரச காணி, அல்லது பிரதேச சபையின் காணி. கடைசி வகை, பிள்ளையில்லாத ஒருவரோ, சிங்கப்பூர் மலாயாவில் உழைத்து வந்த ஓய்வூதியரோ ஊருக்கென்று தருமசாதனம் எழுதிக் கொடுத்த காணி. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் ஒரு பந்தியும் எழுதாதீர்கள். பாடசாலைக் காணியென்றால் பாடசாலையின் சம்பவத்திரட்டு, பங்குக் கோயில் காணியென்றால் பங்குமனைப் பதிவு, தருமசாதனமென்றால் உறுதி, அதாவது காணிப் பத்திரம். தேடவேண்டிய கதவு ஒவ்வொன்றுக்கும் வேறு.

உறுதி தேட முதலில் காணியின் பெயர் வேணும். எங்கள் நாட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. மைதானமான காணிகளின் பெயர்கள் பல "கலட்டி" என்றோ "தரவை" என்றோ முடிவது தற்செயல் அல்ல. கலட்டி என்றால் கல்லும் தறையுமாய்த் தோட்டம் செய்ய ஒத்துவராத நிலம். தரவை மாடு மேய்ந்த வெளி. செம்மண் தோட்டத்தை யாரும் பந்தடிக்கக் கொடுக்கவில்லை, வெங்காயம் நடத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே காணிப் பெயரைக் கண்டுபிடித்தவுடன் உங்கள் வரலாற்றின் முதல் வசனம் கிடைத்துவிடும்: இது என்ன நிலமாக இருந்தது, ஏன் வெறுமையாகக் கிடந்தது.

பெயரை அறிய, மைதானத்தை அண்டிய வீட்டுக்காரரிடம் அவருடைய உறுதியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் "கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார், மேற்கு இன்ன காணி, தெற்கு இன்னார்" என்று எல்லை எழுதியிருக்கும். உங்கள் மைதானம் அந்த எல்லைகளில் ஒன்று. பழைய உறுதியில் அங்கே ஓர் ஆளின் பெயர் இருந்து, அடுத்த உறுதியில் "விளையாட்டு மைதானம்" என்று மாறியிருந்தால், அந்த இரண்டு திகதிகளுக்கிடையில்தான் மைதானம் பிறந்தது. மைதானத்தின் சொந்த உறுதி கிடைக்காவிட்டாலும் அயலவரின் உறுதி சாட்சி சொல்லும். இதை நான் நில அளவையாளரிடம் படித்தேன். வேறெங்கும் யாரும் செய்து நான் காணவில்லை.

பெயரும் எல்லையும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பிரதி எடுக்கலாம். கட்டணம் உண்டு, பொறுமையும் வேணும். போரில் எல்லா ஏடும் தப்பவில்லை. நொத்தாரிசு எழுதிய மூலப் பிரதி அவருடைய குடும்பத்திடமோ, அவருக்குப் பின் வந்த நொத்தாரிசிடமோ இருக்கக்கூடும், விசாரியுங்கள். உறுதி கேட்கப் போகும்போது ஒரு விஷயம். "வரலாறு எழுதுறம்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் விட்டுக் கேளுங்கள். தனியே போய் "உங்கட உறுதியைக் காட்டுங்கோ" என்று கேட்டால் அடுத்த நாள் ஊர் முழுக்க வேறு கதை ஓடும். பார்த்த உறுதியின் இலக்கத்தை மலரில் அச்சடிக்கவும் வேண்டாம். காணி மோசடிக்காரருக்கு நீங்கள் ஏன் வேலையை இலகுவாக்க வேணும்?

அளவு

இதைப் பலர் செய்வதில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளவுங்கள்.

பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு, 16 பரப்பு ஒரு ஏக்கர். 11 பேர் ஆடும் உதைபந்தாட்டத்துக்கு விதிப்படி மிகக் குறைந்த அளவு நீளம் 90 மீற்றர், அகலம் 45 மீற்றர். பெருக்கிப் பாருங்கள், 4050 சதுர மீற்றர், கிட்டத்தட்டச் சரியாக 16 பரப்பு வரும். சர்வதேச ஆட்டங்களுக்கு வழக்கமான 105 க்கு 68 என்றால் 28 பரப்புக்குச் சற்று மேலே. கோட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்கவும் இடம் வேணும், ஆகவே 2 ஏக்கராவது தேவை. இப்போது உறுதியை எடுத்துப் பாருங்கள். "பரப்பு 12" என்று இருந்தால், அங்கே ஆரம்பத்தில் விதிப்படியான 11 பேர் ஆட்டம் நடந்திருக்க முடியாது. ஒன்றில் 7 பேர், 9 பேர் ஆட்டம் நடந்திருக்கும், அல்லது பக்கத்துக் காணி பிறகு சேர்ந்திருக்கும். அந்தச் சேர்ப்புத்தான் உங்கள் இரண்டாவது அத்தியாயம். எங்கள் மைதானத்தில் தெற்குக் கோல் முன்பு இப்போதைய இடத்திலிருந்து நன்றாக உள்ளே இருந்தது என்று வயதானவர்கள் சொல்ல, இளந்தாரிகள் சிரித்தார்கள். உறுதியும் நாடாவும் வயதானவர்களின் பக்கம் நின்றன.

திசையையும் குறியுங்கள். மைதானம் வடக்குத் தெற்காகக் கிடந்தால் யோசித்து அமைத்தது. கிழக்கு மேற்காகக் கிடந்தால் காணி கிடைத்தபடி அமைந்தது. பின்னேர ஆட்டத்தில் மேற்குப் பார்த்த கோல் காப்பாளருக்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். அப்படிப்பட்ட மைதானங்களில் நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர்கள் எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய தந்திரம் முழுதாக வெளியே வரும்.

கிணறு எங்கே இருந்தது, கோல் கம்பம் எதனால் ஆனது (பனை வரிச்சா, பூவரசா, பிறகு வந்த இரும்புக் குழாயா), கோடு எதனால் போட்டார்கள் (சுண்ணாம்பா, சாம்பலா), மழைக்கு எந்த மூலையில் வெள்ளம் நின்றது, எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் போடுங்கள். கையால் வரைந்தாலும் போதும். கணினியில் கூகிள் ஏர்த் வைத்திருப்பவர்கள் அதில் பழைய செய்மதிப் படங்களைத் திகதி மாற்றிப் பார்க்கலாம். அண்மைய இருபது வருஷத்து மாற்றங்கள், பற்றை மூடியதும் வெட்டியதும், மதில் எழும்பியதும் அதில் தெரியும்.

வருஷம் கேட்காமல் வருஷம் அறிதல்

எங்கள் ஆட்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் மறுமொழி பிழையாகத்தான் வரும். வருஷத்தால் யாரும் இங்கே காலம் எண்ணுவதில்லை. ஒரு சாம்பிள்:

"அண்ணை, அந்த இரும்புக் கம்பம் எப்ப நட்டது?"

"எண்பதுக்குள்ள தம்பி. எண்பத்திரண்டு, மூண்டு."

"இந்தியன் ஆமி வரேக்கை கம்பம் நிண்டதோ?"

"நிண்டது. அதிலதானே அவங்கள் வலை கட்டி வொலிபோல் அடிச்சவங்கள்."

"லைப்ரரி எரியேக்கை?"

"...இல்லை. அப்ப மரக்கம்பம். அந்தக் கிழமை ஒரு இறுதியாட்டம் இருந்து நிண்டு போனது, மரக்கம்பத்தோடதான் கிடந்தது."

இப்போது உங்களுக்குத் தெரிகிறது: 1981 ஜூனுக்குப் பின், 1987க்கு முன். அவர் சொன்ன எண்ணும் அதற்குள் விழுகிறது, நல்லது. விழாவிட்டால் எண்ணை விட்டுவிட்டுச் சம்பவத்தை நம்புங்கள்.

நான் ஒரு தாளில் இப்படித் திகதிக் கம்பங்களை எழுதி வைத்துக்கொண்டுதான் கதைக்கப் போவேன். 1964 டிசம்பர்ப் புயல். 1974 ஜனவரி, தமிழாராய்ச்சி மாநாடு. 1981 மே 31 இரவு, பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக் கலவரம். 1987 ஒக்டோபர், இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. 1990 மார்ச்சில் அவர்கள் போனார்கள், ஜூனில் அடுத்த சண்டை. 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் ஊரை விட்டுப் போன இடம்பெயர்வு. 1996, திரும்பி வந்தது. 2002, ஏ9 பாதை திறந்தது. 2004 சுனாமி. 2006 ஓகஸ்ட், பாதை பூட்டினது. 2009 மே, போர் முடிந்தது. இதற்குமேல் உங்கள் ஊருக்கென்று இருக்கும் கம்பங்களைச் சேருங்கள்: கோயில் கும்பாபிஷேகம், ஒழுங்கைக்குத் தார் போட்டது, மின்சாரம் வந்தது. 1990இலிருந்து சில வருஷங்கள் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, "லைற் இருந்த காலமா, இல்லாத காலமா" என்பதே நல்ல கேள்வி. 1990 உலகக் கிண்ணம் இத்தாலியில் ஜூன் 8 தொடங்கியது. அதே கிழமையில்தான் இங்கே சண்டை வெடித்தது. அந்த உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் கமரூன் ஆர்ஜென்ரீனாவை வென்றது ஞாபகமிருந்து, இறுதியாட்டம் ஞாபகமில்லாத ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். காரணம் விளங்குகிறதுதானே.

ஆட்ட விதிகளும் கம்பமாக உதவும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். மஞ்சள் சிவப்பு அட்டை உலகக் கிண்ணத்தில் வந்தது 1970இல். யாராவது "நடுவர் சிவப்பு அட்டை காட்ட, சனம் உள்ளுக்க பாய்ஞ்சது" என்றால் அது 1970க்குப் பிந்தியது, எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது. தன் அணிக்காரன் காலால் பின்னுக்குத் தட்டிவிட்ட பந்தைக் கோலி கையில் தூக்கிப் பத்திரமாக வைத்திருந்து நேரம் கடத்தினார் என்ற கதை 1992க்கு முன்பு நடந்திருக்கலாம், அதற்குப் பிறகு விதிப்படி முடியாது. ஊருக்கு விதி வந்துசேரச் சில வருஷம் எடுத்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பட்டப்பெயரும் உதவும். "மரடோனா" என்று ஒருவர் ஊரில் இருந்தால், அவர் பேரெடுத்தது அனேகமாக 1986க்குப் பின். "பெலே" என்றால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லா ஊரிலும் எல்லாத் தலைமுறையிலும் ஒரு பெலே உண்டு.

கடிதத் தலைப்பைப் பாருங்கள். "கிராமச்சபை" என்ற முத்திரையோடு மைதானத்துக்கு அனுமதி கொடுத்த கடிதம் இருந்தால் அது 1981க்கு முந்தியது. கிராமச்சபைகள் அப்போது கலைக்கப்பட்டன. "பிரதேச சபை" என்றால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின். ஆங்கிலத்தில் "சிலோன்" என்று அடித்த கழக முத்திரை 1972 மே மாதக் குடியரசுக்கு முன்பு செய்ததாக இருக்கும், அல்லது புது முத்திரை செய்யக் காசில்லாத கழகமாக இருக்கும். இரண்டையும் கண்டிருக்கிறேன்.

கடதாசி எங்கே கிடக்கும்

கழகத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை முதலில் தேடுவீர்கள், அது இடம்பெயர்வில் போய்விட்டது என்பார்கள். சரி. வேறு இடங்கள் உண்டு.

பலரும் நினைக்காத ஓர் இடம் கல்வெட்டு. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். தேவாரத்துக்கும் வம்சாவழிக்கும் நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும். "இன்ன ஆண்டு கழகத் தலைவராக இருந்த காலத்தில் மைதானத்துக்கு மதில் கட்டுவித்தார்" என்று ஒரு வரி அதில் கிடைக்கும். ஊரில் கல்வெட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு வீடு கட்டாயம் இருக்கும். அந்த வீட்டு அலுமாரி எந்தச் சங்கத்தின் கோப்பையும்விடப் பெறுமதியானது. ஆனால் கல்வெட்டில் எழுதுபவர் புகழத்தான் எழுதுவார். மதில் கட்டியதை நம்புங்கள், "தனியொருவராக" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

கிண்ணங்களின் அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் படமெடுங்கள். "அன்னாரின் ஞாபகார்த்தமாக" என்று தொடங்கும் வரிகளில் வருஷமும், கொடுத்தவரின் குடும்பமும், சில வேளை மைதானத்தின் பழைய பெயரும் இருக்கும்.

பத்திரிகைகளில் ஈழநாடு யாழ்ப்பாணத்திலிருந்து 1959இல் தொடங்கியது. 1981இல் அதன் அலுவலகமும் நூலகம் எரிந்த அதே நாட்களில் எரிக்கப்பட்டது. உதயன் 1985இல் வந்தது. கொழும்புப் பத்திரிகைகளில் வீரகேசரி 1930, தினகரன் 1932. பழைய பிரதிகளுக்கு இணையத்தில் "நூலகம்" என்ற பெயரில் உள்ள எண்ணிம நூலகத்தில் தேடுங்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் பாடசாலை மலர்களும் கழக மலர்களும்கூட ஏராளம். கிடைக்காதவற்றுக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். விளையாட்டுப் பக்கத்தோடு நிற்காதீர்கள். மைதானத்தைப் பற்றிய நல்ல செய்திகள் கூட்டம், தேர்தல் பேச்சு, களியாட்டவிழா, தண்ணீர்ப் பிரச்சினை என்று வேறு பக்கங்களில் ஒளிந்திருக்கும்.

படங்கள் அனேகமாக ஊரில் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கின்றன. 1995இல் உடுத்த உடுப்போடு போனவர்களிடம் தேடாதீர்கள், எண்பதுகளில் விமானம் ஏறியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் அல்பத்தைக் கொண்டு போனார்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கேதான் ஸ்ரூடியோ முத்திரையும், பென்சிலால் எழுதிய திகதியும் இருக்கும். குழுப் படமென்றால் நடுவில் இருப்பவர் பிடித்திருக்கும் பந்தில் வருஷம் எழுதியிருக்கிறதா என்று பெருப்பித்துப் பாருங்கள். பந்து கறுப்பு வெள்ளைத் துண்டுகளால் ஆனதென்றால் 1970ஐ ஒட்டியோ பின்னரோ. வாய் கட்டிய கபிலத் தோல் பந்தென்றால் அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் பழைய பந்தைத் தைத்துத் தைத்து அடித்த ஊர்களும் உண்டு. தண்ட உதைப் பெட்டிக்கு வெளியே அந்த வளைவுக் கோடு விதியில் சேர்ந்தது 1937இல். படத்தில் அது தெரிந்தால் அதற்குப் பிந்தியது. தெரியாவிட்டால் ஒரு முடிவுக்கும் வராதீர்கள், சுண்ணாம்புக்குத் தட்டுப்பாடாக இருந்திருக்கும்.

யாரிடம் கேட்பது

தலைவர், செயலாளர், நட்சத்திர வீரர் மூவரையும் கேளுங்கள், மரியாதைக்கு. ஆனால் மைதானத்தைப் பற்றி அறிந்தவர்கள் வேறு ஆட்கள். கோடு போட்டவர். பந்து விழுந்த வளவுக்குச் சொந்தக்கார அம்மா. கச்சான் விற்றவர். மைதானத்து மூலையில் மாடு கட்டியவர். அந்த அம்மாவிடம் எங்கள் கழகத்தின் எந்தக் கூட்ட அறிக்கையிலும் இல்லாத ஒரு விஷயம் கிடைத்தது. அவருடைய மாமனார் பந்து வருவதற்கு எதிராகப் பொலிசுக்குப் போய், பிறகு கழகத்தோடு சமாதானமாகி, வேலிக்குப் பதிலாகக் கழகமே மதில் கட்டிக் கொடுத்திருக்கிறது. "ஞாபகார்த்த மதில்" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மதில் அதுதான்.

இரண்டு பேரை முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு சேர்த்து இருத்துங்கள். ஆரம்பத்திலேயே சேர்த்து இருத்தினால் வயது கூடியவர் சொன்னதே முடிவாகிவிடும், இளையவர் "ஓம் ஓம்" என்று தலையாட்டுவார். தனியே சொன்னதை வைத்துக்கொண்டு பிறகு சண்டை பிடிக்க விட்டால்தான் உண்மை வெளியே வரும். தேத்தண்ணி கொடுப்பதை மறக்க வேண்டாம். சாதியால் ஒரு பகுதியார் அந்த மைதானத்தில் முன்பு ஆட விடப்படவில்லையா என்பதையும் தனியே கேட்கும்போதே கேளுங்கள். பல ஊர்களில் ஒரே வட்டாரத்தில் இரண்டு கழகம், இரண்டு மைதானம் இருப்பதற்குக் காரணம் ஆட்டத்திறமை அல்ல. மலரில் அதை எழுத விடுவார்களா என்பது வேறு விஷயம், உங்கள் குறிப்பில் இருக்க வேணும்.

பந்து உருளாத வருஷங்கள்

மலர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் "அசாதாரண சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரியோடு தாண்டிவிடும். தாண்டாதீர்கள். ஆனால் எப்படி எழுதுவது?

நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த துரையப்பா விளையாட்டரங்கை எடுத்துப் பார்ப்போம். கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகில், முற்றவெளியை ஒட்டிய இடம். பெயர் யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்து 1975 ஜூலை 27இல் சுட்டுக் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவினுடையது. ஆக, பெயரிலேயே ஓர் அரசியல் கதை இருக்கிறது. 1997இலிருந்து அரங்கு பாவனையில் இருக்கவில்லை. 1999 ஏப்ரலில் திருத்த வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது சுமார் 25 பேருடைய எலும்புக்கூடுகள் வந்தன. பிறகு இந்திய அரசு 7 கோடி இந்திய ரூபாவுக்குமேல் செலவழித்துப் புனரமைத்து, 2016 ஜூன் 18இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கே வந்து நிற்க, பிரதமர் நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளியில் இணைந்து திறந்து வைத்தார். திறப்போடு யோகா தின நிகழ்ச்சியும் நடந்தது, ஆயிரக்கணக்கான மாணவர்கள் கலந்துகொண்டார்கள்.

இந்தப் பந்தியில் தேடக் கஷ்டமே இல்லாதது எது? 2016 திறப்புவிழா. எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு வந்தது. எழுதுபவர்கள் அதற்கு இரண்டு பக்கம் கொடுப்பார்கள், 1999க்கு ஒரு வரி, அதுவும் சில வேளை இல்லை. நான் எழுதினால் மாற்றி எழுதுவேன். ஓட்டப் பாதைக்குள் ஓடுகிற பிள்ளைக்கு அந்த நிலத்துக்குள் என்ன இருந்தது என்று தெரிய வேணும். திறப்புவிழாவில் யார் நாடா வெட்டியது என்பது தெரியாவிட்டாலும் குறையொன்றுமில்லை.

ஊர் மைதானங்களுக்கும் இதே ஒழுங்குதான். எப்போது ஆட்டம் நின்றது, யார் அங்கே இருந்தார்கள் (அகதிகளா, முகாமா), என்னென்ன மாறியது, கண்ணிவெடி அகற்றினார்களா, எப்போது முதல் பந்து திரும்ப உருண்டது. பங்கருக்குத் தறித்த பனைகளை எண்ணிக் கொள்ளுங்கள். மைதானத்தைச் சுற்றி நின்ற பனை வரிசையில் அடிக்கட்டை இன்னும் தெரியும் இடங்கள் உண்டு, வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 1990இலிருந்து உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன வலிகாமம் வடக்கு ஊர்களென்றால், விடுவிக்கப்பட்ட திகதி ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் வேறு. விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இறந்துபோன, காணாமல்போன ஆட்டக்காரரின் பெயர்களைப் போடுவதற்கு முன் வீட்டாரிடம் கேளுங்கள். எப்படி இறந்தார் என்று எழுதுவதற்கும் தனியே கேளுங்கள். சில தாய்மார் பெயர் போடச் சொல்வார்கள், காரணம் போட வேண்டாம் என்பார்கள். சிலர் "காணாமல் போனவர்" என்ற சொல்லையே ஏற்கமாட்டார்கள், பிள்ளை இருக்கிறான் என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் மலரில் வரவேணும். ஆசிரியர் குழு அதைத் திருத்த உரிமை இல்லை.

எழுதி, வாசித்து, அச்சுக்கு

எழுதும்போது காலவரிசையில் போங்கள், நிலம் முதல் வரட்டும். ஆட்ட முடிவுகளைக் கட்டுரைக்குள் திணிக்காமல் தனியே அட்டவணையாகப் பின்னால் போடுங்கள். ஆட்களின் சொல்லை ஆட்களின் பேச்சிலேயே விடுங்கள், "அடிச்சவன்" என்பதை "உதைத்தார்" என்று திருத்தினால் செத்துப்போகும். இரண்டு கதை முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள்.

அச்சுக்கு முன் வாசிகசாலையில் ஒரு பின்னேரம் சத்தமாக வாசியுங்கள். கழக நிர்வாகத்தை மட்டும் கூப்பிடாதீர்கள், மைதானத்தைச் சுற்றி இருக்கும் வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். திருத்தம் சொல்பவரைத் தடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தோடு எழும்பிப் போகிறவர் இருந்தால் அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போங்கள், அனேகமாக அவரிடம் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கும்.

படங்களையும் கடதாசிகளையும் 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கான் செய்து, யாரிடமிருந்து வந்தது என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒரு பிரதி கழகத்திடமும் ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடமும் வையுங்கள். ஒரே வீட்டில் வைக்காதீர்கள், ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அச்சான மலரில் பொது நூலகத்துக்கும் யாழ். பல்கலைக்கழக நூலகத்துக்கும் பிரதி கொடுங்கள். "நூலகம்" எண்ணிம நூலகத்துக்கு, தளத்தில் ஏற்றுவதற்கான ஒப்புதல் கடிதத்தோடு கோப்பை அனுப்புங்கள். மூலப் படம் தந்த வீடுகளுக்குப் படத்தையும் மலரையும் விழாவுக்கு முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். விழா முடிந்த பிறகு ஆறுதலாகப் போனால், அடுத்த தேவைக்கு அந்த அலுமாரி திறக்காது.